அலுமினியம் சிவக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில், கோவை, ஓசூர் பக்கத்துச் சின்னப் பட்டறைகள் விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் பாகங்கள் செய்ய ஆரம்பித்திருப்பது பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்திருந்தது. படித்துவிட்டு மனது நிறைந்துபோனது. 2019-ல் திருச்சியில் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கிவைத்தபோது, இதெல்லாம் பெரிய கம்பெனிகளோடு நின்றுவிடும் என்று பேசியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தச் செய்தியின் நடுவே ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றி ஃபோர்ஜிங் முறையில் பாகங்கள் தயாரிக்கிறார்கள்" என்று போட்டிருக்கிறீர்கள். ஐயா, உருக்கி ஊற்றினால் அது வார்ப்படம். ஃபோர்ஜிங் என்பது உலோகத்தைச் சூடாக்கி அடித்தோ அழுத்தியோ வடிவம் கொண்டுவருவது, அதில் உலோகம் உருகவே கூடாது, உருக ஆரம்பித்தாலே அந்தத் துண்டு பாழ்.

ஒரு வரிக்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று நினைக்க வேண்டாம். பேப்பரில் வந்த அதே குழப்பம் பட்டறையிலும் இருக்கிறது, அதனால் பொருள் வீணாகிறது, கை வெந்துபோகிறது, அதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

36 வருடம் ஃபோர்ஜ் ஷாப்பில் இருந்தேன். முதல் இரண்டு வருடம் சம்மட்டி அடிக்கிற ஹெல்பர், அப்புறம் ஹாமர் ஆபரேட்டர், கடைசியில் மேற்பார்வை. பெரும்பகுதி இரும்புதான், கடைசிப் பன்னிரண்டு வருடம் அலுமினியமும் சேர்ந்துகொண்டது. ஓய்வுபெற்ற பிறகும் தெரிந்த பட்டறைக்காரர்கள் கூப்பிட்டால் போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டு வருகிறேன்.

ஃபோர்ஜிங்கில் ஒரு வகையான ஓப்பன் டை ஃபோர்ஜிங் என்பது நம் ஊர்க் கொல்லுப் பட்டறையில் நடந்ததுதான், வேறொன்றுமில்லை. கொல்லர் கொறடால் பிடித்து, பட்டடைக் கல்லின் மேல் வைத்து, சம்மட்டியால் அடிப்பார், திருப்பிப் போட்டு மறுபடி அடிப்பார். டை என்கிற அழுத்தும் அச்சு மேலே ஒன்று கீழே ஒன்று, இரண்டும் தட்டையான முகம், பக்கவாட்டில் உலோகம் எங்கே வேண்டுமானாலும் போகலாம். சம்மட்டிக்குப் பதில் ஆயிரம் டன், இரண்டாயிரம் டன் பிரஸ், கொறடுக்குப் பதில் மேனிபுலேட்டர், அவ்வளவுதான் வித்தியாசம். உருவத்தைக் குடைந்த டைக்குள் வைத்து அழுத்துகிற குளோஸ்டு டை வேலைக்கு, டை செய்யவே லட்சக்கணக்கில் போகும், ஆயிரக்கணக்கில் பீஸ் எடுத்தால்தான் கட்டும். ஐந்து வளையம், மூன்று பிளாக், ஒரே ஒரு பெரிய ஷாஃப்ட் என்று வருகிற ஆர்டருக்கு ஓப்பன் டைதான் வழி. அலுமினியத்தில் இப்படிச் செய்ததை டிராயிங்கில் "ஹேண்ட் ஃபோர்ஜிங்" என்றுதான் இன்றைக்கும் எழுதுவார்கள், அத்தனை டன் பிரஸ்ஸில் அழுத்தினாலும் பெயர் அப்படித்தான்.

வார்ப்படத்தில் உலோகம் உறையும்போது உள்ளே ஹைட்ரஜன் வாயு சின்னச் சின்னக் குமிழாக மாட்டிக்கொள்ளும், சுருங்குகிற இடத்தில் ஓட்டை விழும். ஃபோர்ஜிங்கில் நாம் எடுத்துக்கொள்கிற இன்காட்டிலும் (வார்த்தெடுத்த கட்டி) இதெல்லாம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். சூடாக்கி மூன்று பங்குக்கு மேல் நீட்டினால் அந்த ஓட்டைகள் மூடி ஒட்டிக்கொள்ளும், உள்ளே இருக்கிற கிரெயின் (உலோகத்தின் நுண்ணிய மணிகள்) மரத்தில் ரேகை ஓடுவது போல ஒரு திசையில் படுக்கும். எந்தத் திசையில் பாரம் வருமோ அந்தத் திசையில் ரேகை ஓடும்படி அடிப்பதுதான் ஃபோர்ஜ்காரனின் வேலை. வெறுமனே வடிவம் கொண்டுவருவதை லேத்தும் செய்யும்.

சரி, நான் சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான்.

அலுமினியம் சிவக்காது. இரும்பு பழகியவனுக்கு இதை மண்டையில் ஏற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தால்தான் தெரியும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி நிறத்தை வைத்தே எல்லாம் சொல்லுவார். ஃபர்னஸ் கதவைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நிமிசம் விடு, மஞ்சள் வரட்டும்" என்பார், அடித்துக்கொண்டே இருக்கும்போது துண்டு மங்கிச் செங்கல் நிறத்துக்கு வந்தால் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லுவார். இரும்பை 1200 டிகிரி வாக்கில் வெளியே எடுத்து 850, 900 வரைக்கும் அடிக்கலாம். முந்நூறு டிகிரிக்கு மேல் இடம் இருக்கிறது, கண்ணுக்கும் ஒவ்வொரு படி தெரிகிறது. அலுமினியத்தில் கதையே வேறு. 6061, 2014, 7075 என்பதெல்லாம் வேறு உலோகம் கலந்த அலுமினிய வகைகளின் எண்கள். 6061 என்றால் 430-லிருந்து 480 வரைக்கும்தான், 2014 என்றால் 420-லிருந்து 460, 7075 என்றால் 380-லிருந்து 440. நாற்பது, ஐம்பது, அதிகம் போனால் அறுபது டிகிரி. அதற்குக் கீழே போனால் விளிம்பில் வெடிக்கும், மேலே போனால் கிரெயினுக்கு நடுவே இருக்கிற செம்பு, துத்தநாகம் போன்றவை கலந்த பகுதி முதலில் உருகத் தொடங்கும். 7075-ல் அது 477 டிகிரியிலேயே தொடங்கிவிடும். அதாவது அடிக்கிற சூட்டின் உச்சத்துக்கும் கெட்டுப்போகிற சூட்டுக்கும் நடுவே நாற்பது டிகிரிகூட இல்லை.

இருட்டில் வைத்துப் பார்த்தாலே 500 டிகிரிக்கு மேல் போனால்தான் எந்தப் பொருளும் லேசாகச் சிவப்புக் காட்டும். பட்டறையில் பகல் வெளிச்சத்தில் அதுவும் தெரியாது. கோவையில் எந்த ஃபவுண்ட்ரிக்குப் போய்க் கேட்டாலும் சொல்லுவார்கள், உருகி ஓடுகிற அலுமினியமே பகலில் வெள்ளி மாதிரிதான் இருக்கும். ஆக, நிறம் வரட்டும் என்று காத்திருந்தால் துண்டு ஃபர்னஸுக்குள்ளேயே கூழாகிவிடும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பட்டறையிலிருந்து கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம், நல்ல மனிதர், இருபது வருடமாக இரும்பு ஃபோர்ஜிங் சுத்தமாகச் செய்கிறவர். முதல்முறையாக 7075-ல் ஆறு பிளாக் ஆர்டர் எடுத்திருந்தார், ஒவ்வொன்றும் நாற்பது கிலோவுக்குப் பக்கம். மூன்று பிளாக் போய்விட்டது. முதல் அழுத்தம் தாங்கியது, இரண்டாவதில் மூலையில் கோடு விழுந்தது, திருப்பிப் போட்டு அழுத்தினால் காய்ந்த ஏரிக்களிமண் மாதிரி பிளந்துகொண்டது. மெட்டீரியல் சரியில்லை என்று டீலரிடம் சண்டை போட்டு, அவர் டெஸ்ட் சர்டிஃபிகேட்டை நீட்டி, அது பெரிய தகராறாகிவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது ஃபர்னஸ் இரும்புக்குப் போட்ட ஆயில் ஃபர்னஸ், சுவாலை நேராகத் துண்டின் மேல் படுகிறது. சூட்டைப் பார்க்க லேசர் கன் வைத்திருந்தார்கள். அதில் பார்த்தால் 210 காட்டுகிறது, இன்னும் ஏறவில்லை, இன்னும் ஏறவில்லை என்று எரித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அந்த லேசர் கன் பொய் சொல்கிற கருவி அல்ல, ஆனால் அலுமினியத்துக்கு அது பொருந்தாது. பொருளிலிருந்து வருகிற வெப்பக் கதிரை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. கறுத்த இரும்பு, செங்கல் போன்றவை நன்றாகக் கதிர் விடும், சாதாரண கன் அதற்கென்றே அமைத்து வருகிறது. பளபளப்பான அலுமினியம் மிகக் குறைவாகத்தான் விடும், அதனால் உண்மைச் சூட்டில் பாதியைக்கூடக் காட்டாது. மீதி இருந்த ஒரு பிளாக்கில் ஓரமாக 10 மில்லி துளை போட்டு, உள்ளே தெர்மோகப்புள் என்கிற, தொட்டுச் சூட்டை அளக்கிற கம்பியைச் சொருகி, அவர் வழக்கப்படியே சூடாக்கச் சொன்னேன். கன் 210 காட்டியபோது தெர்மோகப்புள் 490 காட்டியது. அவர் என் முகத்தைப் பார்த்து, "நெறமே வரலீங்களேண்ணா, எப்படிங்க இவ்வளவு ஏறியிருக்கும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. மூன்று பிளாக் பணம் போனதைவிட, இருபது வருட அனுபவம் அந்த இடத்தில் அவருக்கு எதிராகவே வேலை செய்ததுதான் எனக்கு வலித்தது.

இதே காரணத்தால் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில், பிரஸ்ஸிலிருந்து இறக்கித் தரையில் வைத்திருந்த 6061 டிஸ்க் ஒன்றை, ஆறிப்போன ஸ்டாக் என்று நினைத்து, புதிதாகச் சேர்ந்த பையன் நகர்த்தப் போனான். கையில் இருந்தது சாதாரணப் பருத்திக் கையுறை. சிவந்த இரும்பென்றால் பத்தடி தள்ளி வரும்போதே உடம்பு பின்வாங்கும், இது சும்மா கிடக்கிற பாத்திரம் மாதிரி கிடந்தது, சூடு 300-க்கு மேல். இரண்டு உள்ளங்கையும் போய்விட்டது, ஆறு மாதம் வீட்டில் இருந்தான். மறுநாளிலிருந்து, இறக்கி வைக்கிற ஒவ்வொரு துண்டின் மேலும் சாக்பீஸால் "சூடு" என்று எழுதாமல் யாரும் நகரக்கூடாது என்று வைத்தோம். அஞ்சு ரூபாய் சாக்பீஸ். முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல்போனதுதான் நடந்தது.

பழைய ஆட்கள் வேறு உபாயம் வைத்திருந்தார்கள், அதையும் மறைக்கக் கூடாது. காய்ந்த மரக்குச்சியைத் துண்டின் மேல் இழுத்துப் பார்ப்பார்கள், சூடு போதுமென்றால் குச்சி வழுக்கிக்கொண்டு போய்க் கருப்புக் கோடு விடும். பார் சோப்பைத் தேய்த்துவிட்டு அது பழுப்பாகிக் கறுக்கும் வரை பார்ப்பதும் உண்டு. 400 டிகிரி வாக்கில் வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இது உதவும், தகடு வளைக்கவும் சாதாரணப் பாகத்துக்கும் போதும். 7075-க்கு இதை நம்பி இறங்கினால் மேலே சொன்ன கதைதான். இப்போது ஒரு தெர்மோகப்புளும் கன்ட்ரோலரும் வாங்குவது அப்படியொன்றும் பெரிய செலவில்லை, ஒரு பிளாக் கெட்டுப்போனால் ஆகிற நஷ்டத்தைவிடக் குறைவுதான்.

சூடு மட்டும் சரியானால் போதாது. இரும்புக்கு டை ஓரளவு குளிர்ந்திருந்தாலும் ஓட்டிவிடலாம், அலுமினியம் வெப்பத்தை வேகமாகக் கடத்திவிடும், குளிர்ந்த டை பட்ட இடத்தில் தோல் இறுகி வெடிக்கும், அதனால் டையையும் நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கியே வேலையைத் தொடங்க வேண்டும். ஹாமரில் படபடவென்று அடித்தால் அடியே சூட்டைக் கிளப்பும், 440-ல் எடுத்த 7075 நான்கைந்து அடியில் எல்லை தாண்டிவிடும், ஆகவே ஹாமர் என்றால் கொஞ்சம் குறைந்த சூட்டில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் மெதுவாக அழுத்துகிற பிரஸ்ஸுக்குக் கொண்டுபோக வேண்டும். சின்னக் கோடு விழுந்தால் அடுத்த ஹீட்டுக்கு முன்னால் கிரைண்டரில் எடுத்துவிட வேண்டும், விட்டால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அது உள்ளே இறங்கும்.

அப்புறம் ஹீட் ட்ரீட்மென்ட். அடித்து முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் நிறைய. அலுமினியத்துக்கு பலம் வருவதே அதற்குப் பிறகுதான். 1906-ல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்பவர் செம்பும் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் தண்ணீரில் குளிரவைத்துப் பார்த்தார், இரும்பு மாதிரி உடனே கெட்டியாகவில்லை, ஆனால் சில நாள் கழித்துத் திரும்ப எடுத்து அளந்தபோது சும்மா கிடந்த துண்டு கெட்டியாகியிருந்தது. டூராலுமின் பிறந்தது அதிலிருந்துதான். இன்றைக்கு 6061-ஐ 530 டிகிரியில் வைத்து, தாமதிக்காமல் தண்ணீரில் இறக்கி, பிறகு 175 டிகிரியில் எட்டு மணி நேரம் வைத்து எடுக்கிறோம், அதுதான் டி6. கனமான பிளாக் என்றால் தண்ணீரில் இறங்கும்போது வெளித்தோல் முதலில் சுருங்கி, உள்ளே ஒரு இறுக்கம் தங்கிவிடும். அதை அப்படியே விஎம்சி என்கிற கம்ப்யூட்டர் வெட்டும் இயந்திரத்தில் ஏற்றி ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கம் வில் மாதிரி வளையும், புரோகிராம் போட்டவரைத் திட்டுவார்கள். குளிரவைத்த கையோடு பிரஸ்ஸில் வைத்து ஒன்றிலிருந்து ஐந்து சதவீதம் வரை அமுக்கிவிட்டு, அப்புறம் 175-க்குக் கொண்டுபோனால் அந்த இறுக்கம் போய்விடும். டிராயிங்கில் டி652 என்று இருந்தால் அதற்கு இதுதான் அர்த்தம். டி6 என்றும் டி652 என்றும் எழுதியிருப்பதை ஒன்றுதான் என்று நினைத்து அனுப்பித் திரும்பி வந்த வளையங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் ராக்கெட்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட்டின் கிரையோஜெனிக் (மிகக் குளிர்ந்த எரிபொருள்) பகுதியில் திரவ ஹைட்ரஜனைத் தாங்குகிற டாங்க் 2219 அலுமினியம், அந்த எஞ்சின்களைச் சோதிப்பது நம் மகேந்திரகிரியில். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நூல் சுற்றுகிற வார்ப் பீமின் இரண்டு பக்கத் தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் நூலை இழுத்துச் சுற்றச் சுற்ற அது தட்டை வெளியே தள்ளும், வார்ப்படத் தட்டு சில சமயம் விரிசல் விடும், ஃபோர்ஜிங் தட்டு தாங்கும். பெரிய கம்ப்ரசர்களில் சுழலும் இம்பெல்லர், சிப் செய்கிற இயந்திரங்களின் வாக்குவம் சேம்பர், பிளாஸ்டிக் மோல்டுக்கான பிளாக் எல்லாமே இந்த வேலைதான். ஜவுளியும் பம்பும் இருக்கிற இந்த ஊருக்கு இது அன்னியமான தொழில் இல்லை.

எல்லாவற்றையும் ஃபோர்ஜிங்கில்தான் செய்ய வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மோட்டார் பாடிக்கு வார்ப்படம்தான் சரி, அதில் கோவைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தகுதி இல்லை. தட்டையான, மெலிந்த பாகத்துக்குத் தகடு வாங்கி வெட்டுவதில் தப்பில்லை. ஆனால் கனமான வளையத்துக்கு 200 மில்லி பிளேட்டை வாங்கி நடுவை முழுக்கக் குடைந்து, வாங்கியதில் முக்கால்வாசியைச் சுருளாக ஸ்கிராப்காரருக்குப் போடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அந்த உலோகத்தை பாக்ஸைட்டிலிருந்து எடுக்க ஒரு கிலோவுக்குச் சுமார் பதினான்கு யூனிட் மின்சாரம் போயிருக்கிறது. பிளேட்டில் கிரெயின் உருட்டிய திசையில்தான் ஓடும், வளையத்தின் சுற்றோடு ஓடாது, கனத்தின் குறுக்கே பலமும் குறைவு. ஒரு சின்ன பிளாக்கை அமுக்கி, நடுவில் துளைத்து, மேண்ட்ரல் என்கிற உருளைத் தண்டில் மாட்டிச் சுற்றிச் சுற்றி அழுத்தினால் ரேகை வளையத்தோடு வளைந்து ஓடும், சுருளும் குறையும்.

நான் கேட்பது மூன்று. ஐடிஐ-யிலும் பாலிடெக்னிக்கிலும் ஃபோர்ஜிங் என்றால் இரும்பு மட்டும் என்று நிறுத்தாமல், அலுமினியத்துக்கென்று ஒரு வாரமாவது, உண்மையான ஃபர்னஸ், உண்மையான தெர்மோகப்புளோடு, கையில் துண்டைக் கொடுத்துச் சொல்லித்தர வேண்டும், கோவை, ஓசூர், சேலம், திருச்சி, சென்னை என்று வழித்தடத்துக்குக் குறித்த ஐந்து ஊர்களிலாவது இதைத் தொடங்கலாம். ஆர்டர் கொடுக்கிற கம்பெனிகள் பட்டறையின் விலையைக் கேட்பதற்கு முன்னால் ஃபர்னஸில் சூட்டைப் பதிவு செய்கிற கருவி இருக்கிறதா, கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்கட்டும், கேட்க ஆரம்பித்தால் வாங்கி வைத்துவிடுவார்கள். மூன்றாவது உங்களிடம். அந்த வரியைத் திருத்திப் போடுங்கள், "உருக்காமல் சூடாக்கி அழுத்தி" என்று மூன்று வார்த்தை போதும். ஐடிஐ பையன்கள் உங்கள் பேப்பரைப் படிக்கிறார்கள்.

உங்கள் நிருபருக்கு நேரம் இருந்தால் அனுப்பிவையுங்கள். நான் மேலே சொன்ன அந்த நண்பரின் பட்டறையில் இப்போது எலக்ட்ரிக் ஃபர்னஸ் போட்டிருக்கிறார், மாதத்துக்கு இரண்டு லாட் 7075 அடிக்கிறார், அந்த முதல் ஆர்டருக்குப் பிறகு ஒரு பிளாக்கூடப் பிளக்கவில்லை. காலை ஏழு மணிக்குத் துண்டுகளை உள்ளே வைப்பார்கள், கனத்தில் அங்குலத்துக்குப் பத்து நிமிடமாவது ஊறவிட்டு, பத்து மணி வாக்கில் முதல் துண்டு வெளியே வரும். கூட நான் இருப்பேன். பருத்திக் கையுறை மட்டும் வேண்டாம், தோல் கையுறை நாங்களே தருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபோர்ஜ் ஷாப் மேற்பார்வையாளர் ஒருவர்,
கணபதி, கோவை-6